ஷட்டரில் எண்ணெய் விடாதீர்கள்: பழைய கேமராவை வீட்டில் பிரிக்கும்போது நடக்கும் தவறுகள்

சித்தப்பாவின் ஜெனிட்-ஈ கேமரா பரணிலிருந்து இறங்கியபோது, அதோடு இருந்த ஹீலியோஸ் 44-2 லென்ஸின் ஃபோகஸ் வளையம் அசையவே இல்லை. வீட்டில் தையல் மெஷின் எண்ணெய் இருந்தது. இடுக்கில் இரண்டு சொட்டு விட்டேன். சாயங்காலத்துக்குள் வளையம் வழுக்கிக்கொண்டு சுற்ற ஆரம்பித்துவிட்டது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. பத்து நாள் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால், லென்ஸுக்குள் வெளிச்சத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் அப்பர்ச்சர் தகடுகள் எட்டும் எண்ணெயில் பளபளக்கின்றன. பின்பக்கக் கண்ணாடியில் மெல்லிய மூட்டம் வேறு.

பழைய கேமரா இறுகிப்போவது எண்ணெய் போதாமல் அல்ல. உள்ளே ஏற்கெனவே இருக்கும் கிரீஸ் காய்ந்து மெழுகாகிவிடுகிறது. அதன்மேல் எண்ணெய் விட்டால் இரண்டும் கலந்து, இளகி, போகக்கூடாத இடத்துக்கெல்லாம் ஓடும். யாஷிகா மேட் 124ஜி போன்ற கேமராக்களில் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் இதழ் ஷட்டருக்கு இது இன்னும் மோசம். அந்த இதழ்கள் காய்ந்த நிலையில் ஓடவே செய்யப்பட்டவை. எண்ணெய் பட்டால் நனைந்த நோட்டுப் பக்கங்கள் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். துரு நீக்கும் ஸ்பிரே அடிப்பதும் இதே தவறுதான், அளவுதான் பெரிது.

செய்ய வேண்டியது சுத்தம் மட்டும். சிகரெட் லைட்டரில் ஊற்றும் நாப்தாவைக் காது குடையும் பஞ்சுக்குச்சியில் கொஞ்சமாகத் தொட்டு இதழ்களில் தடவி, ஷட்டரை இருபது முப்பது முறை ஓட்டி, துடைக்க வேண்டும். உடனே ஓடும். மறுநாள் காலையில் மறுபடி நின்றுவிடும். பலர் இந்த இடத்தில்தான் மனசு விட்டுவிடுகிறார்கள். கரைந்த கிரீஸ் நாப்தா ஆவியானதும் திரும்பப் படிந்திருக்கிறது, அவ்வளவுதான். மூன்று நான்கு தடவை செய்தால் சரியாகும். நாப்தா சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் சன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்பு, சாமி விளக்கு, கொசுவத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி உண்டு. கேமரா நிஜமாகவே கெட்டிருக்கிறதா? 1966-இல் வந்த யாஷிகா எலெக்ட்ரோ 35 பேட்டரி இல்லாவிட்டால் எப்போதும் 1/500 நொடியில்தான் சுடும். அதைப் பழுது என்று நினைத்துப் பிரித்தவர்கள் உண்டு. அதன் 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது கிடைக்காது, ஆனால் அடாப்டர் வைத்து 6 வோல்ட் பேட்டரி போட்டால் வேலை செய்யும். அதில் பார்க்க வேண்டியது வேறு: ஃபிலிமை நகர்த்தும்போது உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரப்பர் துண்டு பொடிந்துவிட்டது என்று அர்த்தம். ஒலிம்பஸ் ட்ரிப் 35-இல் பேட்டரி அறையைத் தேடிக் கேமராவைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் பேட்டரியே கிடையாது, லென்ஸைச் சுற்றியுள்ள, வெளிச்சம் பட்டால் மின்சாரம் தரும் செலினியம் செல்தான் எல்லாம். ஜோர்க்கி-4 என்றால் ஃபிலிமை நகர்த்தி ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். ஏற்றாமல் டயலைத் திருகினால் நல்ல கேமராவும் கெடும். இதழ் ஷட்டர் கேமராக்களில் உள்ள செல்ஃப் டைமரைத் தொடாமல் இருப்பதே நல்லது. அது பாதியில் சிக்கினால் ஷட்டரும் சேர்ந்து சிக்கிக்கொள்ளும்.

சரி, பிரித்தே ஆக வேண்டும் என்றால் முதலில் ஸ்க்ரூடிரைவர். ஜப்பான் கேமராக்களின் பிளஸ் திருகுகள் ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானிய அளவில் செய்யப்பட்டவை. நம் கடைகளில் கிடைக்கும் பிலிப்ஸ் முனை அதில் உட்கார்ந்த மாதிரி இருக்கும், அழுத்தித் திருப்பினால் நழுவித் தலையை அரைத்துவிடும். தலை போன திருகை எடுக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போகும். ஃபிலிம் நகர்த்தும் லீவரின் மூடி சில கேமராக்களில் இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திறக்கும். வரவில்லை என்றால் பலம் காட்டாமல் மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். லென்ஸின் முன்பக்கம் பெயர் எழுதியிருக்கும் வளையத்தை ஜியாமெட்ரி பாக்ஸ் டிவைடரால் திருகப் போனால், அது வழுக்கிக் கண்ணாடியில் ஒரு கோடு போடும். அந்தக் கோடு கடைசிவரை அழியாது. சரியான அளவு பாட்டில் மூடியின் விளிம்பில் சைக்கிள் டியூப்பைச் சுற்றி அழுத்தித் திருப்பினாலே பெரும்பாலும் கழன்றுவிடும்.

திருகுகளை வைக்க நான் முதலில் இட்லித் தட்டை எடுத்தேன். குழிகளில் ஓட்டை இருக்கும் என்பது ஒரு திருகு கீழே உருண்டபோதுதான் நினைவுக்கு வந்தது. இப்போது பணியாரக்கல். ஒவ்வொரு குழியும் ஒரு கட்டம், கழற்றிய வரிசையிலேயே நிரப்புவேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் போனில் ஒரு படம். கண்ணாடிகளை எடுக்கும்போது எந்தப் பக்கம் முன்னால் இருந்தது என்று விளிம்பில் பென்சிலால் குறிக்க வேண்டும். திருப்பிப் போட்டால் பொருந்திவிடும், படம்தான் வராது. ஃபேனை நிறுத்திவிடுங்கள். வேர்க்கும், பரவாயில்லை.

இனி ஹெலிகாய்டு. ஃபோகஸ் வளையத்தைச் சுற்றினால் லென்ஸ் முன்னும் பின்னும் போவது இந்த அகலமான மரையால்தான். சாதாரணத் திருகுக்கு மரை ஓர் இடத்தில்தான் தொடங்கும். இதில் பல தொடக்கங்கள். ஊறுகாய் பாட்டில் மூடியை எந்தக் கோணத்தில் வைத்தாலும் ஏதோ ஓர் இடத்தில் பிடித்து மூடிக்கொள்கிறது அல்லவா, அதே மாதிரி இதுவும் எதில் வேண்டுமானாலும் பிடிக்கும். ஆனால் ஒன்றே ஒன்றுதான் சரி. குறிக்காமல் கழற்றியதால் என் ஹீலியோஸ் திரும்பச் சேர்ந்தபோது, வளையம் முடிவிலியைக் (வெகு தூரத்துப் பொருள் கூர்மையாகத் தெரியும் நிலையை) காட்டியது, லென்ஸ் எதிர்ச்சுவரைப் பார்த்தது. ஒவ்வொரு தொடக்கமாகப் போட்டுப் பார்த்துக் கழித்த இரண்டு ராத்திரிகள் இன்னும் ஞாபகம் இருக்கின்றன.

வளையத்தை முடிவிலியில் நிறுத்தி, இரண்டு பாகங்களுக்கும் குறுக்கே ஊசியால் ஒரு கீறல் போடுங்கள். அப்புறம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே வந்து, இரண்டும் பிரிகிற அதே கணத்தில் கையை நிறுத்தி, அங்கே இன்னொரு கீறல். சில லென்ஸ்களில் உள்ளும் வெளியுமாக இரண்டு மரைகள் இருக்கும், இரண்டுக்கும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். பழைய கிரீஸை நாப்தாவும் டூத் பிரஷும் கொண்டு முழுக்க எடுத்துவிட்டு, ஹெலிகாய்டுக்கென்றே விற்கும் கிரீஸை நெற்றியில் சந்தனம் இடுவதைவிட மெல்லியதாகத் தடவினால் போதும். வாஸ்லின் வேண்டாம், நம் சித்திரை வெயிலுக்கு அது இளகி மறுபடி தகடுகளுக்குத்தான் போகும். சேர்த்த பிறகு கேமராவின் பின்கதவைத் திறந்து, ஃபிலிம் படியும் இடத்தில் மங்கலான செலோடேப்பை இழுத்து ஒட்டி, ஷட்டரை 'பி'யில் (பட்டனை அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் நிலையில்) திறந்து வைத்து, தூரத்து செல்போன் டவரைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். வளையம் முடிவிலியில் இருக்கும்போது டவரின் கம்பிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும்.

பின்கதவில் ஒளி புகாமல் இருக்க ஒட்டிய ஃபோம் வருஷம் போகப்போகக் கருப்புப் பிசினாக மாறும். ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தொட்ட பல்குச்சியால் சுரண்டி எடுக்கலாம். செல்போன் ரிப்பேர் சாமான் விற்கும் கடைகளில் அது கிடைக்கும். துகள் ஷட்டர் திரையில் விழாமல் ஒரு காகிதத்தால் மறைத்துக்கொள்ளுங்கள். எஸ்.எல்.ஆர். கேமராவில், அதாவது உள்ளே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வைத்து லென்ஸ் வழியாகவே பார்க்கும் வகையில், அந்தக் கண்ணாடி மேலே போய் மோதும் இடத்திலும் அந்த ஃபோம் உண்டு. அங்கேதான் ஆபத்து: மேலே இருக்கும் ஃபோகஸ் திரை பல கேமராக்களில் பிளாஸ்டிக், துடைத்தாலே தடம் விழும், கரைப்பான் பட்டால் கதை முடிந்தது. அந்தக் கண்ணாடிக்கும் ரசப்பூச்சு முன்பக்கம் இருக்கிறது, சட்டைத் துணியால் துடைக்கக்கூடாது. ஊதுபந்தால் ஊதிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். வியூஃபைண்டரில் தெரியும் தூசி படத்தில் வராது.

கடற்கரை ஊர்களில் பூஞ்சை வராத லென்ஸ் அபூர்வம். தோல் உறையில் போட்டுப் பூட்டி வைப்பதுதான் அதற்கு நாமே போடும் உரம். தோல் ஈரத்தை விடாது. அரிசி டப்பாவில் புதைத்தால் தவிடும் பொடியும்தான் மிச்சம். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், அது போதும். ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் கலந்து துடைத்தால் பூஞ்சை போகும், ஆனால் பூஞ்சை தின்ற லென்ஸ் மேல்பூச்சு திரும்பாது. ஒட்டிய கண்ணாடிகளை எந்தத் திரவத்திலும் ஊறவைக்காதீர்கள், நடுவில் இருக்கும் பால்சம் என்ற பசை பிரிந்துவிடும். சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4 போன்ற சில லென்ஸ்கள் மஞ்சளாக இருப்பது அழுக்கே அல்ல; தோரியம் கலந்த கண்ணாடி அப்படித்தான் நிறம் மாறும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. புற ஊதா விளக்கின் கீழ் சில நாள் வைத்தால் வெளிறும்.

ஷட்டர் மெதுவாக ஓடுகிறது என்று ஸ்பிரிங்கை முறுக்குவதும் வழக்கமான தவறு. காரணம் அநேகமாகக் காய்ந்த கிரீஸ். அதை வைத்துக்கொண்டு முறுக்கினால் பிறகு சுத்தம் செய்யும்போது வேகம் எங்கோ போய்விடும். அளந்து பாருங்கள்: போனின் ஸ்லோ மோஷன் நொடிக்கு 240 ஃப்ரேம் எடுக்கும் என்றால், 1/2 நொடிக்கு 120 ஃப்ரேம், 1/30-க்கு 8. அதற்கு மேல் போனை நம்ப வேண்டாம், 1/125-க்கு இரண்டே ஃப்ரேம்தான் வரும்.

உள்ளேயே ஃபிளாஷ் உள்ள சின்னக் கேமராக்களை மட்டும் யோசித்துத் திறங்கள். ஃபிளாஷுக்கு மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு நிற்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும் நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடித்து இறக்குவது சிலருக்கு வீரம். தீப்பொறியில் முனை உருகும், கை நடுங்கினால் அடிக்கும். 1 முதல் 2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை நன்றாக மூடிய கம்பிகளில் பிடித்து இறக்கி, மல்டிமீட்டரில் பூஜ்யம் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் விரலை உள்ளே விட வேண்டும்.