பாடுவதற்கேற்ற பாட்டுப் புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

திருநெல்வேலிச் சீமையின் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் ஆராதனைக்கு வருகிறவர்கள் வேதாகமத்தோடு பாட்டுப் புத்தகத்தையும் கொண்டுவருவது நெடுநாள் வழக்கம். மேல்நாட்டு ராகங்களுக்கு இசைந்த பாமாலைகளையும், நம் நாட்டு ராக தாளங்களில் எழுந்த கீர்த்தனைகளையும் ஒரே சபை ஒரே ஆராதனையில் பாடுகிறபடியால், இரண்டையும் முழுமையாகப் பாட உதவுகிற புத்தகமே வாங்கத் தகுந்தது. கடையில் நின்றபடியே சில பக்கங்களைப் புரட்டி இதை அறிந்துகொள்ளலாம்.

முதலில் கீர்த்தனைப் பகுதியைத் திறந்து, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த நீண்ட கீர்த்தனை ஒன்றின் சரணங்களை எண்ணிப் பாருங்கள். சுருக்கப் பதிப்புகளில் முதல் மூன்று சரணங்களோடு பாட்டை முடித்துவிடுகிறார்கள். கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிய கீர்த்தனை கெத்செமனேயில் தொடங்கிக் கல்வாரி வரை நடக்குமானால், அந்தச் சுருக்கம் சபையைப் பாதி வழியில் நிறுத்திவிடும். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து தஞ்சாவூரில் பாடிய வேதநாயகம் சாஸ்திரியாரும், கரையிருப்பில் பிறந்து இரட்சணிய யாத்திரிகம் இயற்றிய கிருஷ்ணபிள்ளையும் இந்த மண்ணின் புலவர்கள். அவர்களுடைய சொற்களைக் குறைத்தும் மாற்றியும் அச்சிட்ட புத்தகத்தை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நான் வாங்கமாட்டேன்.

அடுத்து, பாட்டின் தலைப்பில் ராகமும் தாளமும் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ‘சங்கராபரணம், ஆதி தாளம்’ என்ற ஒரு வரி இருந்தால், புதிதாகக் கற்பவருக்கும் ஆர்மோனியம் வாசிப்பவருக்கும் அது கைகொடுக்கும். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் ஒரு சிறு கோடும் அதையடுத்துப் பல்லவியின் முதற்சொல்லும் இருக்க வேண்டும். அந்த அடையாளம் இல்லாத பக்கத்தில், பாதிப் பேர் பல்லவிக்குத் திரும்ப, மீதிப் பேர் அடுத்த சரணத்துக்குப் போய்விடுவார்கள். அச்சிட்ட ராகமும் உங்கள் சேகரத்தில் (ஒரு போதகரின் கீழுள்ள சபைகளின் தொகுதியில்) பாடும் மெட்டும் வேறுபடுவதுண்டு. அப்போது சபையின் மெட்டையே பாடி, அதைப் பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

பாமாலைப் பகுதியில் கவனிக்க வேண்டியது அளவு, அதாவது ஒவ்வோர் அடியிலும் எத்தனை எழுத்து என்பது. இங்கே நேர், நிரை என்ற யாப்புக் கணக்கு உதவாது. மெய்யெழுத்துகளை விட்டுவிட்டு உயிரையும் உயிர்மெய்யையும் மட்டும் எண்ணினால் கணக்கு வந்துவிடும். நான்கு அடிகளும் 8, 6, 8, 6 என்று வந்தால் அது சி.எம். (காமன் மீட்டர்); 8, 8, 8, 8 என்றால் எல்.எம். (லாங் மீட்டர்); 6, 6, 8, 6 என்றால் எஸ்.எம். (ஷார்ட் மீட்டர்). இந்த அளவைப் பாட்டின் மேலே குறித்திருக்கும் புத்தகம் பாடகர் குழுவுக்குப் பெரிய உதவி. ஏனெனில் ஒரு சி.எம். பாட்டின் ராகம் சபைக்குத் தெரியாதபோது, தெரிந்த வேறொரு சி.எம். ராகத்தில் அதைப் பாடிவிடலாம். மொழிபெயர்ப்பின் தரத்தையும் வாய்விட்டுப் பாடியே சோதியுங்கள். நீளும் சுரத்தில் குறில் வந்து விழுந்தால், ‘மனம்’ என்பது ‘மானம்’ என்றே காதில் கேட்கும். நெடிலை நீளும் இடத்திலும் குறிலை ஓடும் இடத்திலும் வைத்த மொழிபெயர்ப்பை ஒரு முறை பாடியவர் மறக்கமாட்டார்.

அட்டவணையைப் பலர் பார்ப்பதே இல்லை. ஆனால் புத்தகத்தின் பயன் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. அகர வரிசையில் முதற்குறிப்பு அட்டவணை ஒன்றும், அட்வெந்து (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள்), லெந்து (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்), திருவிருந்து, திருமணம், அடக்கம், அறுப்பின் பண்டிகை என்று பொருள்வாரியாக மற்றொன்றும் தேவை. துக்க வீட்டில், முற்றத்து விளக்கொளியில், சபை ஊழியரான உபதேசியார் திடீரென்று “யாராவது ஒரு பாட்டைத் தொடங்குங்க” என்று சொல்லும்போது, நம் கை தடுமாறாமல் உரிய பாட்டுக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் பொருந்தாத பாட்டு எழுந்தால் அழுகிறவர்களின் மனம் நோகும். ஆகவே, அடக்கப் பகுதியில் போதுமான பாட்டுகள் இருக்கின்றனவா என்று தனியே பாருங்கள். நம்பிக்கையின் பாட்டுகளும் புலம்பலின் பாட்டுகளும் அதில் சேர்ந்திருக்க வேண்டும்.

கைப்பேசியிலும் திரையிலும் பாட்டு வரிகள் எளிதாகக் கிடைக்கின்றன. அவசரத்துக்கு அவை போதும். எனினும், அடுத்த பக்கத்துப் பாட்டைத் தற்செயலாகக் கண்டு கற்றுக்கொள்ளும் வாய்ப்பை அவை தருவதில்லை.

முதியவர்களுக்குப் பெரிய எழுத்துப் பதிப்பையும், பாடகர் குழுவுக்கு டானிக் சோல்ஃபா (சுரங்களை டோ, ரே, மீ என்ற எழுத்துகளால் காட்டும் முறை) குறிப்புள்ள பதிப்பையும் வாங்குங்கள். ஒட்டு மட்டும் போட்ட புத்தகத்தைவிட நூலால் தைத்த புத்தகம் நெடுநாள் உழைக்கும். பணம் கொடுக்கும் முன் பாட்டு எண்களை உங்கள் கோயிலில் வழங்கும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; பதிப்புக்குப் பதிப்பு எண் மாறினால், பலகையில் எழுதிய எண்ணைப் பார்த்து நீங்கள் வேறொரு பாட்டைத் திறந்துகொண்டு நிற்க நேரிடும்.