ஏறுவதற்கு முன்பே இறங்கிவிடும் விமானம்: தீவுப் பயணக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிக்கெட்டில் புறப்பாடு வெள்ளி இரவு 9 மணி, போய்ச் சேர்வது அதே வெள்ளி காலை 5.30 மணி என்று இருந்தால் அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள். ஃபிஜியின் நாடியில் ஏறி ஹவாயின் ஹொனலுலுவில் இறங்குகிறவர்களுக்கு இப்படித்தான் வரும். இரண்டுக்கும் நடுவே சர்வதேசத் தேதிக்கோடு இருக்கிறது, ஃபிஜி கடிகாரம் ஹொனலுலுவைவிட 22 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பறப்பது என்னவோ ஆறரை மணி நேரம்தான்.

திரும்பும்போது இதே கணக்கு மறுபக்கம் சாயும். ஹொனலுலுவில் வெள்ளி காலை 10 மணிக்குக் கிளம்பினால் நாடியில் சனி பிற்பகல் 2.45. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டு "28 மணி நேரப் பயணமா!" என்று அலறுகிறவர்கள் உண்டு. கிளம்பிய ஊரின் கடிகாரத்திலேயே இரண்டு நேரத்தையும் வைத்துப் பாருங்கள்: நாடியில் சனி 2.45 என்றால் ஹொனலுலுவில் வெள்ளி மாலை 4.45, ஆக 6 மணி 45 நிமிடம். இதில் கையைக் கடிக்கிற இடம் ஹோட்டல்தான். வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம் என்று நாடியில் வெள்ளி இரவுக்கே அறை போட்டால், தங்காத இரவுக்குக் காசு கட்ட வேண்டியதுதான்.

கிரிபட்டி நாட்டின் கிரிட்டிமாட்டித் தீவு இன்னும் வேடிக்கை. அங்கேயும் ஹொனலுலுவிலும் மணி ஒன்றே, கிழமை மட்டும் வேறு. கடிகாரம் மாறாததால் தேதி மாறியது யாருக்கும் உறைக்காது. போதாக்குறைக்கு இந்தத் தீவுக்குக் கிறிஸ்துமஸ் தீவு என்றும் பெயர், அதே பெயரில் ஆஸ்திரேலியாவுக்கு இந்தியப் பெருங்கடலில் ஒரு தீவு இருக்கிறது. பசிபிக் தீவின் விமான நிலையக் குறியீடு சிஎக்ஸ்ஐ, மற்றது எக்ஸ்சிஎச். இரண்டுக்கும் இடையே 10,000 கிலோமீட்டருக்கு மேல். பெயரை மட்டும் தட்டித் தேடினால் எந்தக் கடலுக்குப் போவீர்கள் என்று சொல்ல முடியாது.

சரி, தூரம். நாடிக்கும் ஹொனலுலுவுக்கும் சுமார் 5,100 கிலோமீட்டர் என்று காட்டுவது உருண்டைப் பூமியின் மேல் உள்ள மிகக் குறுகிய வழி, அதாவது கணக்குப் புத்தகத்துத் தூரம். (சில தளங்கள் கடல் மைலில் சொல்லும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், சாதா மைல் 1.609. கலந்துவிடாதீர்கள்.) அந்த 5,100-ஐ மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்தால் ஐந்தே முக்கால் மணி நேரம்கூட வராது. ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் அந்த வேகத்தில் நடப்பதில்லை.

காற்றை மறப்பது இன்னொரு தவறு. டோக்கியோவுக்கும் ஹொனலுலுவுக்கும் சுமார் 6,200 கிலோமீட்டர். மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் ஸ்ட்ரீம் முதுகில் தள்ளுவதால் டோக்கியோவிலிருந்து போகும்போது ஏறக்குறைய 7 மணி நேரம், எதிர்க்காற்றில் திரும்பும்போது எட்டரை, ஒன்பதுகூட ஆகும். ஒரு வழி நேரத்தை இரண்டால் பெருக்கித் திட்டம் போட்டால் கனெக்டிங் ஃபிளைட் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது, நேர் விமானம் ஓடுகிறதா என்பதை. ஈஸ்டர் தீவிலிருந்து ஹொனலுலுவுக்குச் சுமார் 7,500 கிலோமீட்டர், ஒன்பது மணி நேரத்தில் போய்விடலாம் போலத் தோன்றும். ஆனால் அந்தத் தீவுக்கு வழக்கமான விமானம் சிலியின் சான்டியாகோவிலிருந்துதான். ஆக வடமேற்கே இருக்கும் ஹவாய்க்குப் போக, முதலில் எதிர்த்திசையில் 3,700 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே பறந்துவிட்டு, அங்கிருந்துதான் அடுத்த விமானத்தைத் தேட வேண்டும்.