செஞ்சி ராஜகிரி ஏறப் போகிறவர்கள் செய்யும் தப்புகள்

2025 ஜூலையில் மராட்டியர்களின் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, மிச்சம் ஒன்று நம் செஞ்சிக் கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளில் பரந்து கிடக்கிற கோட்டை, அதில் பெரிய மலை ராஜகிரி. அதற்கப்புறம் எங்கள் வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து அங்கே கிளம்புகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் அந்த மலைக்கு அடிக்கடி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறவன் என்ற முறையில், ஆரம்பத்தில் நாங்கள் செய்த தப்புகளையே புதிதாக வருகிறவர்களும் ஒன்றுவிடாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தண்ணீர் கொண்டு போங்கள், தொப்பி போடுங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை.

காலை நேரத்தைக் கீழேயே செலவழிப்பது

என்னால் இன்றைக்கும் பொறுத்துக்கொள்ள முடியாத தப்பு இதுதான்.

ராஜகிரி பக்கம் டிக்கெட் வாங்கி உள்ளே போனால் கொஞ்ச தூரத்திலேயே கல்யாண மகால். அடுக்கடுக்காக எழும்பி உச்சியில் கூம்பாக முடிகிற அந்தக் கட்டடத்தைப் பார்த்ததும் யாருக்கும் கால் நின்றுவிடும். பக்கத்திலேயே தானியக் களஞ்சியம், உடற்பயிற்சிக் கூடம், யானைக்குளம். எல்லாமே பார்க்க வேண்டியவைதான். ஆனால் இருட்டோடு எழுந்து, 160 கிலோமீட்டர் வந்து, வெயில் ஏறுவதற்கு முன்னால் வாசலுக்குள் நுழைந்துவிட்டு, அந்த நேரத்தை இங்கே விடலாமா? "அண்ணே, ரெண்டே ரெண்டு போட்டோ, இதோ வந்துடுறோம்" என்று போகிறவர்கள் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வருகிறார்கள். முதல் படியில் கால் வைக்கும்போது மணி பதினொன்றரை.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். நிதானமாக ஏறுகிறவருக்கு ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அடிவாரப் படிகளில் மரநிழல் இருப்பதால் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. கமலக்கண்ணி அம்மன் கோயிலைத் தாண்டி மேலே போகப் போக நிழல் குறைந்து வெறும் பாறைதான். காலையிலிருந்து காய்ந்த கருங்கல் நண்பகலில் கீழேயிருந்தும் அனலடிக்கும், மேலே வெயில் உச்சந்தலையில். அரை வழியிலேயே தண்ணீர் தீர்ந்துவிடும். மேலே கடை எதுவும் இல்லை. சரி, சாயங்காலம் ஏறிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அதுவும் நடக்காது. பிற்பகலுக்கு மேல் ராஜகிரி ஏற விடுவதில்லை, மாலையில் கோட்டையையே மூடிவிடுவார்கள்.

ஒரு முறை எங்களோடு வந்த பையன் தன் அப்பாவையும் அழைத்து வந்திருந்தான். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியாக இந்த மலையைப் பார்த்துக்கொண்டே போனவர். "மேல ஒரு பாலம் இருக்காமே தம்பி, அதை மட்டும் பாத்துட்டா போதும்" என்று வேனில் என்னிடம் சொன்னார். கூட வந்த இளைஞர்கள் கல்யாண மகாலை விட்டு நகரவே இல்லை. அவர்களை விட்டுவிட்டு ஏற அவருக்கும் மனசில்லை. கடைசியில் உச்சி வெயிலில் ஏறி, அம்மன் கோயிலுக்குக் கொஞ்சம் மேலே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். மெதுவாகக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டி வந்தோம். அவருக்கு ஏறத் தெம்பு இருந்தது. காலையில் நேராக ஏறியிருந்தால் பாலத்தில் நின்றிருப்பார். அந்தப் போட்டோக்களை யாராவது அனுப்பினால் எனக்கு இப்போதும் கோபம்தான் வருகிறது.

அந்தப் பாலம் சாதாரண விஷயமும் இல்லை. உச்சியை நெருங்கும் இடத்தில் பாறை பிளந்து கிடக்கிறது. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அந்தக் காலத்தில் தேவைப்பட்டால் எடுத்துவிடக்கூடிய மரப்பாலம் போட்டிருந்தார்கள், இப்போது நிலையான பாலம். சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே வந்து தங்கியிருந்தபோது, 1690-இல் முற்றுகையிட்ட முகலாயப் படை கோட்டையைப் பிடிக்க 1698 வரை ஆனது. பாலத்தின் நடுவில் நின்று கீழே எட்டிப் பார்த்தால் ஏன் அத்தனை வருஷம் என்பது புரிந்துவிடும். களைத்துப்போய்த் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கடக்கிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

வாசலில் நுழைந்ததும் எங்கேயும் நிற்காமல் படிக்குப் போங்கள். ரங்கநாதர் கோயில், பீரங்கி, சுற்றிலும் தெரியும் மற்ற மலைகள் எல்லாவற்றையும் காலையிலேயே பார்த்துவிட்டு, வெயில் உறைப்பதற்குள் பாதி மலையாவது இறங்கிவிடுங்கள். அப்புறம் மர நிழலில் சாப்பாடு. களஞ்சியத்தின் சுவர்கள் அவ்வளவு தடிமன், மதியத்தில் உள்ளே நின்றாலே உடம்பு ஆறும். கல்யாண மகாலையும் அப்போது பாருங்கள், எங்கும் ஓடிவிடாது. நேரம் மிச்சமிருந்தால் புதுச்சேரி வாசல் பக்கம் இருக்கும் வெங்கடரமணர் கோயிலுக்குப் போங்கள். அதன் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக் கொண்டு போனார்கள். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவைதான்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிருஷ்ணகிரி சின்ன மலை என்பதால், அதை முதலில் ஏறிப் பழகிக்கொள்ளலாம் என்று சிலர் ஆரம்பிக்கிறார்கள். அதுவும் இதே தப்புதான். அங்கே குவிமாடத்தோடு ஒரு அழகான மண்டபம் இருக்கிறது, கட்டாயம் பாருங்கள். ஆனால் பெரிய மலைக்கு அப்புறம், உடம்பில் தெம்பு இருந்தால்.

சமதரையில் பழகிய காலை நம்புவது

நம் பக்கம் மேடு என்றாலே ரயில்வே மேம்பாலம்தான். தினமும் காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை நடக்கிறேன், எனக்கென்ன என்று வருகிறவர்கள் ஏறுவது என்னவோ ஏறிவிடுகிறார்கள். சிக்கல் இறங்கும்போது. செஞ்சிப் படிகள் ஒரே உயரம் கிடையாது. சில இடத்தில் முழங்கால் அளவுக்கு எட்டி இறங்க வேண்டும். உடம்பின் பாரத்தைத் தொடைத்தசை தாங்கித் தாங்கி விட வேண்டும், சமதரை நடையில் அந்தத் தசைக்கு அந்த வேலையே வராது. அதனால்தான் பாதி இறக்கத்தில் கால் வெடவெடக்கிறது.

போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே, குடியிருப்பில் நாலு மாடி இருந்தால் ஏறி இறங்கிப் பழகுங்கள். ஏறுவது எப்படியாவது இருக்கட்டும், இறங்குவது மெதுவாக இருக்கட்டும். அங்கே போனதும் உயரமான படியில் பக்கவாட்டாகத் திரும்பி இறங்குங்கள். மூட்டுவலி உள்ள அக்காமார்களுக்கு ஒரு கைத்தடி கொடுத்தாலே பாதிச் சிரமம் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

குறுக்கு வழி

கிடையாது. எதிரி சுலபமாக ஏறக்கூடாது என்றுதான் வாசலுக்கு மேல் வாசலாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். படியை விட்டு வழுவழுப்பான பாறையில் ஏறும் தம்பிகளே, ஏறிய வழியில் இறங்க முடியாது. மழை பெய்திருந்தால் நினைத்தும் பார்க்காதீர்கள்.

கையில் பிளாஸ்டிக் கவர்

குரங்கு பிடுங்கிவிடும். எல்லாம் முதுகுப் பைக்குள், ஜிப் போட்டு.

மேப்பில் வெறுமனே "கிருஷ்ணகிரி கோட்டை" என்று தேடுவது

கிருஷ்ணகிரி ஊரிலும் ஒரு கோட்டை உண்டு, அங்கே கொண்டு போய் விடும். செஞ்சி என்று சேர்த்துத் தேடுங்கள்.

சந்திரகிரி

மூன்றாவது மலை. முள்ளும் பாறையும்தான், சரியான படி கிடையாது. புதியவர்களுக்கு வேண்டாம்.

பௌர்ணமி பார்க்காமல் தேதி வைப்பது

பஸ்ஸில் போகிறவர்களுக்குத்தான் இது. செஞ்சி இருப்பது திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் ரோட்டில். கிரிவல நாளில் கிளாம்பாக்கத்திலேயே பஸ் நிரம்பிவிடும். நின்றுகொண்டே போய், அதே காலோடு மலை ஏறி, திரும்பி வரும்போதும் நிற்க வேண்டியிருக்கும். ஒரு வாரம் தள்ளி வையுங்கள். விடியற்காலை கடற்கரை ஸ்டேஷனில் முதல் மின்சார ரயிலைப் பிடித்துத் தாம்பரம் போய், அங்கிருந்து கிளாம்பாக்கம் போனால் ஜன்னல் சீட்டே கிடைக்கும்.