சீசன் பாதியில் அணியை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபிலடெல்ஃபியாவில் எங்கள் தமிழ் நண்பர்கள் வட்டத்தில் வருஷத்துக்கு இரண்டு முறை ஒரே பேச்சு கிளம்பும். ஜூலை நடுவில் பேஸ்பாலுக்கு ஆல்-ஸ்டார் இடைவேளை விடும்போது ஃபில்லீஸைப் பற்றி. நவம்பர் தொடக்கத்தில் அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். சீசன் பாதியைத் தொடும்போது ஈகிள்ஸைப் பற்றி. "இந்த வருஷம் கப்பு நமக்குத்தான்" என்று ஒரு கட்சி, "இதெல்லாம் தேறாது" என்று இன்னொரு கட்சி. இரண்டிலும் உரக்கப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் போன வருஷம் பார்க்கத் தொடங்கியவர்கள். நாங்கள் பழைய ஆட்கள் அந்த வயதில் பேசியதைத்தான் வார்த்தை மாறாமல் பேசுகிறார்கள்.

எது ஸ்டிரைக், எது ஃபர்ஸ்ட் டவுன் என்பதெல்லாம் நாலு மேட்ச் பார்த்தால் தானாக வந்துவிடும், அதை விட்டுவிடுகிறேன். பல வருஷம் பார்த்தவர்களும் வழுக்கும் இடங்கள் வேறு.

இரண்டு விளையாட்டையும் ஒரே தராசில் வைப்பது

பேஸ்பாலில் ஓர் அணிக்கு 162 ஆட்டம். என்.எஃப்.எல்.லில் 17. அதாவது ஈகிள்ஸின் ஒரு தோல்வி, ஃபில்லீஸின் ஒன்பது, பத்து தோல்விக்குச் சமம். என்.எஃப்.எல்.லின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் பழகிய மனசு, ஃபில்லீஸ் மூன்று நாள் தொடர்ந்து தோற்றதும் மேனேஜரை மாற்றச் சொல்லும். நூறு ஆட்டம் ஜெயித்தால் அது அபாரமான பேஸ்பால் அணி. அந்த அணியும் 62 முறை தோற்றுத்தான் அங்கே வந்திருக்கும். பேஸ்பாலில் ஊறியவர்கள் இதற்கு நேர்மாறு. ஈகிள்ஸ் இரண்டு வெற்றி, நான்கு தோல்வி என்று நின்றால்கூட "இன்னும் நாள் இருக்கே" என்பார்கள். இல்லை. என்.எஃப்.எல்.லில் அது சீசனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

ஏப்ரல் மாத பேட்டிங் சராசரி

அவ்வளவு குறைந்த ஆட்டத்தில் அது எதையும் சொல்லாது. ஜூன் வரை அதைப் பார்க்கவே வேண்டாம்.

இழுபறியில் ஜெயித்ததைப் பலமாக எண்ணுவது

இதுதான் என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது. சொன்னால் யாரும் கேட்பதுமில்லை. கைக்காசு போவதும் இதில்தான்.

2023 நவம்பர் 26. கொட்டும் மழையில் ஈகிள்ஸும் பஃபலோ பில்ஸும் மோதின. நாலாவது குவார்ட்டர் முடியப் போகிறது, ஈகிள்ஸ் மூன்று புள்ளி பின்தங்கியிருக்கிறது. ஜேக் எலியட் 59 யார்டு தூரத்திலிருந்து, அந்த ஈரத்தில், ஃபீல்டு கோல் அடித்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஜேலன் ஹர்ட்ஸ் பந்தோடு ஓடி டச்டவுன் போட, 37-34. ஆறு நாள் முன்புதான் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸை அவர்கள் ஊரிலேயே 21-17 என்று வீழ்த்தியிருந்தார்கள். பத்து வெற்றி, ஒரே ஒரு தோல்வி. லீக்கிலேயே முதலிடம். ஊரே ஆடியது.

எங்கள் வட்டத்தில் ஒரு தம்பி, அமெரிக்கா வந்து இரண்டு வருஷம் இருக்கும், அன்று இரவே என்னைக் கூப்பிட்டான். பிப்ரவரியில் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் லாஸ் வேகஸில். அதற்கு விமான டிக்கெட்டும், ரத்து செய்தால் பணம் திரும்பாத ஹோட்டல் அறையும் போட்டுவிட்டானாம். "கொஞ்சம் பொறுடா" என்றேன். "அண்ணே, ஜெயிக்கத் தெரிஞ்ச டீமுண்ணே இது" என்றான்.

ஜெயிக்கத் தெரிந்த அணி. இந்த ஒரு வாக்கியத்தைத்தான் என்னால் தாங்க முடியாது. என்.எஃப்.எல்.லில் எட்டுப் புள்ளி வித்தியாசத்துக்குள் முடியும் ஆட்டத்தை ஒரு ஸ்கோர் ஆட்டம் என்பார்கள். ஒரு டச்டவுனும் இரண்டு புள்ளி கன்வர்ஷனும் சேர்ந்தால் எட்டு, அதனால். அந்தப் பத்து வெற்றியில் ஏழு இப்படி வந்தவை. வாஷிங்டனை ஒருமுறை மூன்று புள்ளியில், இன்னொரு முறை ஏழு புள்ளியில். டல்லஸை ஐந்தில். சீஃப்ஸ் ஆட்டத்தில், கடைசி நிமிஷங்களில் அந்த அணியின் மார்க்வெஸ் வால்டெஸ்-ஸ்கேன்ட்லிங் கைக்கு நேராக வந்த நீளமான பாஸை நழுவவிட்டார். பிடித்திருந்தால் கதை வேறு. பில்ஸ் அன்று 500 யார்டுக்கு மேல் எடுத்தது. அவ்வளவு யார்டு விட்டுக்கொடுத்த தடுப்பு ஆட்டம் சரியாக இருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?

இழுபறி ஆட்டத்தைத் தீர்மானிப்பவை சின்னச் சின்ன விஷயங்கள். கைநழுவிய பந்து எந்தப் பக்கம் உருளும் என்று யாருக்கும் தெரியாது, அது முட்டை வடிவப் பந்து. ஒரு பெனால்டி, காற்று தள்ளிய ஒரு ஃபீல்டு கோல். இவை சில வாரம் நம் பக்கம் விழும், சில வாரம் எதிராளி பக்கம். சீசனின் முதல் பாதியில் எல்லாமே நம் பக்கம் விழுந்திருந்தால், இரண்டாம் பாதியிலும் அப்படியே விழும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

அதன்பிறகு நடந்தது ஊரறிந்தது. அடுத்த ஞாயிறு சான் ஃபிரான்சிஸ்கோ 42-19 என்று நொறுக்கியது. பிறகு டல்லஸ், சியாட்டில். டிசம்பர் நடுவில் அவசரமாகத் தடுப்பு ஆட்டத்தின் பொறுப்பை ஷான் தேசாயிடமிருந்து மேட் பட்ரீஷியாவுக்கு மாற்றினார்கள், அதுவும் எடுபடவில்லை. கடைசி ஆறு ஆட்டத்தில் ஐந்து தோல்வி. 11-6 (11 வெற்றி, 6 தோல்வி) என்று முடித்து, சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே டாம்பா பேயிடம் 32-9. சீசன் முழுக்க அடித்த புள்ளி 433, கொடுத்தது 428. தம்பிக்கு ஹோட்டல் பணம் திரும்ப வரவேயில்லை.

ஈகிள்ஸுக்கு முந்தைய வருஷத்து உதாரணம் இன்னும் பச்சை. 2022 மினசோட்டா வைக்கிங்ஸ் 13 வெற்றி, 4 தோல்வி. ஒரு ஸ்கோர் ஆட்டங்களில் 11-க்கு 11. ஆனால் சீசனில் அடித்தது 424 புள்ளி, கொடுத்தது 427. பதின்மூன்று ஆட்டம் ஜெயித்த அணி மொத்தத்தில் மூன்று புள்ளி பின்னால்! பிளேஆஃப் முதல் ஆட்டத்திலேயே சொந்த ஊரில் நியூயார்க் ஜயன்ட்ஸிடம் தோற்றது. அடுத்த வருஷம் 7-10.

பேஸ்பாலிலும் இதே கதைதான், அங்கே கணக்குப் போடுவது இன்னும் எளிது. பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் கொடுத்த சூத்திரம் ஒன்று உண்டு. அடித்த ரன்னை வர்க்கப்படுத்துங்கள். கொடுத்த ரன்னையும் வர்க்கப்படுத்தி இரண்டையும் கூட்டுங்கள். முதல் எண்ணை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால், அணி எத்தனை பங்கு ஆட்டம் ஜெயித்திருக்க வேண்டும் என்று வரும். 90 ஆட்டத்தில் 450 ரன் அடித்து 400 கொடுத்த அணிக்கு 0.56, அதாவது சுமார் 50 வெற்றி. அந்த அணி நிஜத்தில் 57 ஜெயித்திருந்தால் சந்தோஷப்படுங்கள், அக்டோபர் பிளேஆஃப் டிக்கெட் வாங்காதீர்கள். 43 ஜெயித்திருந்தால் கைவிடாதீர்கள். 2021-இல் சியாட்டில் மரைனர்ஸ் 51 ரன் பின்தங்கியிருந்தும் 90 ஆட்டம் ஜெயித்தது. அவ்வளவு அதிர்ஷ்டம் இருந்தும் பிளேஆஃப் எட்டவில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அடித்த ரன்னுக்கும் கொடுத்த ரன்னுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தையும் கண்மூடி நம்பக் கூடாது. 15-2 என்று போய்விட்ட ஆட்டத்தில் பிட்சர்களைச் சேமிக்க ஒரு ஃபீல்டரை எறியவிடுவார்கள், ரன் கொட்டும். அப்படிப்பட்ட ஒன்றிரண்டு ஆட்டத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

பிட்சரை அவர் பெயரில் இருக்கும் வெற்றியால் அளப்பது

2018-இல் ஜேக்கப் டிகிராமின் கணக்கு 10 வெற்றி, 9 தோல்வி. அவருடைய ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் கணக்கில் கொடுத்த ரன், குறையக் குறைய நல்லது) 1.70. சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்கே. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

யாரோடு ஆடினார்கள் என்று பார்க்காதது

அட்டவணையைத் திறந்து பாருங்கள். ஒரு நிமிஷ வேலை.

ஜூலைக் கடைசியில் பெரிய பெயருக்காகக் கூச்சல் போடுவது

பேஸ்பாலில் வீரர் பரிமாற்றக் கெடு ஜூலைக் கடைசியை ஒட்டி வரும். அந்த வாரம் எல்லோருக்கும் ஒரு நட்சத்திரம் வேண்டும், அல்லது இருப்பதையெல்லாம் விற்றுத் தீர்க்க வேண்டும். 2021 அட்லான்டா பிரேவ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஜூலை 10 அன்று ரொனால்ட் அகுன்யா முழங்கால் போய் சீசனை முடித்துக்கொண்டார். ஆல்-ஸ்டார் இடைவேளையில் அணி 44-45. விற்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் அலட்டிக்கொள்ளாமல் நான்கு அவுட்ஃபீல்டர்களை வாங்கினார்கள்: ஜாக் பீடர்சன், ஆடம் டுவால், ஹோர்ஹே சோலேர், எடி ரொசாரியோ. ரொசாரியோ வரும்போது காயத்தில் இருந்தார். ஆகஸ்ட் வரை அந்த அணியின் வெற்றிக் கணக்கு தோல்விக் கணக்கைத் தாண்டியதேயில்லை. அக்டோபரில் நேஷனல் லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர் ரொசாரியோ, சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் சிறந்த வீரர் சோலேர், கோப்பை அட்லான்டாவுக்கு.

ஓட்டை எங்கே என்று பார்த்து அடைப்பதற்குப் பெரிய பெயர் தேவைப்படுவதில்லை. ஃபில்லீஸுக்கு எட்டாவது இன்னிங்ஸ் எறிய ஆள் இல்லாத வருஷத்திலும் எங்கள் ஆட்கள் ஹோம் ரன் அடிப்பவரைத்தான் கேட்பார்கள்.

சீக்கிரம் கைகழுவுவது

2022 ஜூன் தொடக்கத்தில் ஃபில்லீஸ் 22-29. மேனேஜர் ஜோ ஜிரார்டியை அனுப்பிவிட்டு அந்த இடத்தில் ராப் தாம்சனை உட்கார வைத்தார்கள். 87 வெற்றியோடு முடித்து உலகத் தொடர் வரை போனார்கள். நேஷனல் லீக்கில் அவர்கள் பிளேஆஃபுக்குள் நுழைந்தது அந்த வருஷம்தான் புதிதாகச் சேர்த்த மூன்றாவது வைல்டு கார்டு (டிவிஷனை வெல்லாத அணிகளுக்கான) இடத்தில். பழைய முறை இருந்திருந்தால் வீட்டுக்குத்தான்.

ஈகிள்ஸ் 2024-இல் டாம்பாவில் 33-16 என்று அடி வாங்கி, 2-2 என்று ஓய்வு வாரத்துக்குள் போனது. அதற்குப் பிறகு வழக்கமான சீசனில் ஒரே ஒரு தோல்வி, பிப்ரவரியில் சீஃப்ஸை 40-22 என்று வென்று சூப்பர் பவுல். தடுப்பு ஆட்டப் பயிற்சியாளராக விக் ஃபேன்ஜியோ வந்து தடுப்பு ஆட்டத்தைச் சீர்செய்தது அந்த ஓய்வு வாரத்துக்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆகவே ஜூலையில் டிவிஷன் தலைவனுக்கும் நமக்கும் எத்தனை ஆட்டம் இடைவெளி என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். பேஸ்பாலின் அமெரிக்கன், நேஷனல் என்ற இரண்டு லீக்கிலும் தலா ஆறு அணி பிளேஆஃபுக்குள் போகிறது. வைல்டு கார்டு பத்தியில் மூன்றாவது இடத்தில் யார் இருக்கிறார், அவருடைய ரன் வித்தியாசம் என்ன, நம்முடையது என்ன. இந்த மூன்றையும் பார்த்த பிறகு பேசலாம்.