புல எண்ணைத் தேதியாக்கிய கோப்பு

மன்னார்குடி வட்டாரத்துச் சாகுபடிப் பட்டியல்களை நிரல் எழுதித் தேடித் தரும் வேலைக்கு இந்தக் குறுவையில் புதிதாக வந்த இரு இளைஞர்கள், 15 ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளை வரிசைகூட மாறாமல் செய்வதைக் கண்டு இதை எழுதுகிறேன். கோப்பின் பெயரைத் தவறாகத் தட்டினால் கணினியே சொல்லிவிடும். அது வாய் திறக்காத இடங்களைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

காற்புள்ளியில் வெட்டுதல்

இந்தப் பட்டியல்கள் நெடுவரிசைகளைக் காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்புகள். நிரலில் ஒவ்வொரு வரியையும் வெறுமனே காற்புள்ளியில் வெட்டினால், மேற்கோள் குறிக்குள் இருக்கும் "மேலத்தெரு, கொரடாச்சேரி" என்ற முகவரியும் இரண்டாக வெட்டுப்பட்டு, பரப்பளவு இருக்க வேண்டிய இடத்தில் ஊர்ப்பெயர் வந்து நிற்கும். பைத்தான் நிரல்மொழியில் இதற்கென்றே சிஎஸ்வி தொகுதி இருக்கிறது.

எக்செல்லில் திறந்து சேமித்தல்

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரு சம்பாப் பருவத்தில் புல எண் 125/2 என்று கேட்டால் விடை வந்தது. 12/3 என்று கேட்டால் ஒரு வரியும் வரவில்லை. பிழைச் செய்தி எதுவும் இல்லாததால், நிபந்தனையில்தான் கோளாறு என்று நம்பி மூன்று இரவுகள் நிரலையே மாற்றி மாற்றி எழுதினேன். கடைசியில் கோப்பை நோட்பேடில் திறந்தபோது, 12/3 இருந்த இடத்தில் மார்ச் 12 என்ற தேதி உட்கார்ந்திருந்தது. சும்மா பார்ப்பதற்காக அதை எக்செல்லில் திறந்து, மூடும்போது சேமித்தவன் நானேதான். தேதியாகப் படிக்கக்கூடியதை எக்செல் கேளாமலே தேதியாக்கிவிடும். 125/2, 12/3ஏ போன்றவை தப்பிவிடுவதால் கோப்பு நலமாக இருப்பதாகவே தோன்றும். என்னிடம் வருமுன் அதன் ஒரு பகுதி, மாதத்தை முன்னால் எழுதும் அமெரிக்கத் தேதி அமைப்புள்ள இன்னொரு கணினியில் இவ்வாறே சேமிக்கப்பட்டிருந்தது. அங்கே 3/12 என்பதும் மார்ச் 12 ஆகிவிடும் என்பதால், இரு வேறு விவசாயிகளின் நிலங்கள் ஒரே எண்ணில் கலந்துவிட்டன. பழைய அடங்கல் (கிராமச் சாகுபடிக் கணக்கு) நகல்களைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருத்தியதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. நீண்ட வங்கிக் கணக்கு எண்களைச் சுருக்கிப் பின்னிலக்கங்களைத் தொலைப்பதும், முன்னால் நிற்கும் சுழியை விழுங்குவதும் இதே எக்செல்லின் கைங்கரியம்தான். மூலக் கோப்பை 'படிக்க மட்டும்' என்று பூட்டிவிட்டு, பார்ப்பதற்கு நகலை வைத்துக்கொள்ளுங்கள். எக்செல்தான் வேண்டுமென்றால், அந்த நெடுவரிசைகளை 'உரை' என்று குறித்து இறக்குமதி செய்யுங்கள்.

முதல் நெடுவரிசை மட்டும் கிடைக்காமை

கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள் இருந்து, முதல் நெடுவரிசையின் தலைப்போடு ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். பைத்தானில் 'யுடிஎஃப்-8-சிக்' குறிமுறையில் திறவுங்கள்; அவை நீங்கிவிடும்.

இரண்டு 'கொ'

கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகச் சேமிக்கப்பட்ட 'கொ', ஒரே உயிர்க்குறியோடு சேமிக்கப்பட்ட 'கொ'வுக்குச் சமமாகாது. கோப்பையும் தேடுசொல்லையும் யூனிகோடின் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவுக்கு மாற்றாதவரை கொரடாச்சேரி அகப்படாது.

சிப்பக் கணக்கு

எண்ணாக மாற்றாமல் எழுத்தாக ஒப்பிட்டால் 100 சிப்பம் (நெல் மூட்டை) 20 சிப்பத்தைவிடக் குறைவு.