பழைய பிக்கப்பில் மின்கோளாறா, கியர்பாக்ஸ் கோளாறா? கழற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

சிங்கப்பூரில் பிக்கப்பை வைத்துத் தொழில் செய்பவர்கள் பத்து வயதைத் தாண்டிவிட்டது என்பதற்காக அதை எளிதில் கைவிடுவதில்லை. புதிய வண்டிக்கான சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) விலையைப் பார்த்தபின், இருக்கும் வண்டியின் சிஓஇயையே 5 அல்லது 10 ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொண்டு ஓட்டுவதே பலருக்குக் கட்டுப்படியாகிறது. பத்தாண்டைக் கடந்த சரக்கு வாகனத்தை ஆறு மாதத்திற்கு ஒருமுறை சோதனை நிலையத்திற்குக் கொண்டுபோக வேண்டியிருப்பதால், சிறு கோளாறையும் ஆறப்போட முடியாது. இந்த அவசரத்தில்தான் தவறு நேர்கிறது. வண்டி இழுக்கவில்லை, கியர் தாறுமாறாக மாறுகிறது என்றதும் கியர்பாக்ஸை இறக்கிவிடுகிறார்கள்; உண்மையான கோளாறோ பேட்டரிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் பச்சைப் பூத்துக் கிடக்கும் ஒரு கம்பியில் இருக்கிறது. ஆகவே மின்சாரத்தை முதலில் அளந்து, அதில் பழுதில்லை என்று உறுதிசெய்த பிறகே கியர்பாக்ஸின் பக்கம் போக வேண்டும் என்பதை நான் கண்டிப்பாகச் சொல்வேன்.

தேவைப்படும் கருவிகள் குறைவே. 10 ஆம்பியர் வரை அளக்கக்கூடிய ஒரு மல்ட்டிமீட்டர், கம்பித் தூரிகை, நல்ல டார்ச், அளவுகளைக் குறித்துவைக்க ஒரு நோட்டு ஆகியவை போதும். நின்றுகொண்டிருக்கும் வண்டியின் இன்ஜினைத் தேவையின்றி ஓடவிடுவது இங்கே சட்டப்படி குற்றம் என்பதாலும், பலமாடி கார் நிறுத்துமிடத்தில் புகை தங்கும் என்பதாலும், இன்ஜினை ஓடவிட்டு அளக்க வேண்டியவற்றைக் காக்கி புக்கிட், சின் மிங் போன்ற இடங்களில் தெரிந்தவரின் வொர்க்‌ஷாப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அளவை இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் சாவியைத் தொடுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். பேட்டரியின் இரு முனைகளுக்கும் இடையே 12.6 வோல்ட் இருந்தால் அது நிறைவாக இருக்கிறது, 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. அடுத்து ஒருவரைச் சாவியைத் திருகச் சொல்லி, ஸ்டார்ட்டர் சுழலும்போது எண்ணைக் கவனியுங்கள். நம் ஊர் வெப்பத்தில் அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. நிறைவாக இருந்த பேட்டரி அப்படி இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மீறி இழுக்கிறது என்று பொருள். இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு 13.8 முதல் 14.7 வோல்ட் வரை வர வேண்டும். முகப்பு விளக்கு, ஏர்கான், வைப்பர் அனைத்தையும் போட்ட பிறகும் அது 13.5க்கு மேல் நிற்கிறதா என்று பாருங்கள். மழை நாளில் வண்டி சந்திக்கும் சுமை அதுதான்.

எண்கள் சரியாக இருந்தும் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுழன்றால், பேட்டரியின் நெகட்டிவ் முனையை இன்ஜினோடு இணைக்கும் எர்த் கம்பியைச் சந்தேகிக்க வேண்டும். பலர் இந்த இடத்தில் மீட்டரை ஓம் அளவில் வைத்துக் கம்பியின் இரு முனைகளையும் தொட்டுப் பார்த்து, சுழி காட்டுகிறது, கம்பி நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். டீசல் இன்ஜினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அப்போது 0.005 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் வீணாகிவிடும். இத்தனை சிறிய தடையைக் கைமீட்டரின் ஓம் அளவு காட்டவே காட்டாது. எனவே தடையை அளக்காமல், மின்னோட்டம் பாயும்போது எவ்வளவு வோல்ட் இழக்கப்படுகிறது என்பதை அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் (அதன் மேல் மாட்டிய கிளாம்ப்பில் அல்ல, ஈயக் கம்பத்திலேயே), மற்றொன்றை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகப் பகுதியிலும் வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.5ஐத் தாண்டினால் அந்த வழியில் எங்கோ அரிப்பு இருக்கிறது. பிறகு கிளாம்ப், கம்பியின் முனை, போல்ட் என்று ஒவ்வோர் இணைப்பாக முனையை நகர்த்தி அளந்தால், எந்த இணைப்பைத் தாண்டியதும் எண் குதிக்கிறதோ அங்கேதான் கோளாறு. பாசிட்டிவ் பக்கத்தையும் இதே முறையில் ஸ்டார்ட்டர் வரை தொடரலாம்.

இன்ஜினையும் சேசிஸையும் இணைக்கும் பின்னல் பட்டையை மறக்காமல் பாருங்கள். வெளியே முறுக்குக் கலையாமல் தெரியும் பட்டையை விரலால் வளைத்தால் உள்ளே உப்பைப் போலப் பச்சைத் தூள் உதிரும்; நம் ஊரின் ஈரக்காற்றும் மழைநீரும் அதை உள்ளிருந்தே தின்றிருக்கும். கிளட்ச் மாற்றும்போது கழற்றிய பட்டையைத் திரும்ப மாட்ட மறந்துவிட்ட வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். அப்போது ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் ஆக்சிலரேட்டர் கேபிள், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் பேரிங் என்று கிடைத்த வழியிலெல்லாம் திரும்பி, அவற்றையும் கெடுத்துவிடும்.

பின்பக்க விளக்குகளுக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. பிரேக்கை மிதித்தால் சிக்னல் விளக்கும் மங்கலாக எரிகிறது என்றால் அந்த விளக்குக்கூட்டின் எர்த் போய்விட்டது. மின்னோட்டம் பக்கத்து பல்பின் வழியாகத் திரும்பப் பார்க்கிறது. சேசிஸை ஒட்டிச் செல்லும் வயர்க்கட்டு மணலும் நீரும் படும் இடத்தில் இருப்பதால், அதன் இணைப்பிகளைத் திறந்து சுத்தம் செய்தாலே பாதிக் கோளாறு தீர்ந்துவிடும்.

இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது என்பவர்கள் கசிவு மின்னோட்டத்தை அளக்க வேண்டும். சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி அரைமணி நேரம் விட்ட பிறகு, நெகட்டிவ் கம்பியைக் கழற்றி அதற்கும் கம்பத்திற்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணையுங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது இன்ஜினைக் கிளப்பிவிடாதீர்கள். மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. கூடுதலாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறது என்று பாருங்கள். வண்டியோடு வந்த மின்சுற்றுகளைவிடப் பிற்பாடு சேர்த்தவற்றில்தான் கோளாறு அதிகம் என்பது என் அனுபவம். நிறுத்தியிருக்கும்போதும் பதிவுசெய்யும் கேமரா 0.25 ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளில் 6 ஆம்பியர்-மணி போய்விடும். 60 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்து நாளில் பாதியாகிவிடும்.

இனி, மின்சாரம் கியர்பாக்ஸாக வேடமிட்ட கதைக்கு வருகிறேன். நான் வேலைக்கு ஓட்டிய ஒரு தானியங்கி டீசல் பிக்கப், தீவு விரைவுச்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் அளவில் சீராகப் போகும்போது, யாரோ கிளட்சை லேசாக மிதித்து விடுவதுபோல் தயங்கித் தயங்கி ஓடியது. ஆக்சிலரேட்டரை அசைக்காமலேயே ஆர்பிஎம் முள் 200 அளவு ஏறும், இறங்கும். இன்ஜினின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும் என்று ஒரு வொர்க்‌ஷாப்பில் சொல்லிவிட்டார்கள். அதற்கு நாள் குறித்த பிறகு, மனம் கேளாமல் மீட்டரை எடுத்தேன். இன்ஜின் ஓடும்போது 14.1 வோல்ட் இருந்தது, குறையில்லை. மீட்டரை மாறுதிசை (ஏசி) வோல்ட் அளவுக்குத் திருப்பி அதே முனைகளில் வைத்தபோது 0.9 வோல்ட் காட்டியது. பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்ட்டர்னேட்டர் நன்றாக இருந்தால் அது 0.1 வோல்ட் அளவிலோ அதற்குக் கீழோ இருக்கும், 0.5ஐத் தாண்டினால் உள்ளே மாறுதிசையை நேர்திசையாக்கும் டையோடு கெட்டிருக்கிறது. அந்த மாறுதிசை அலை, வேக உணரி அனுப்பும் நுண்ணிய சமிக்ஞையோடு கலந்து, கட்டுப்பாட்டுக் கணினியைக் குழப்பிக்கொண்டிருந்தது. கணினி, டார்க் கன்வர்ட்டரை நேரடியாகப் பூட்டும் லாக்கப்பைப் போட்டும் எடுத்தும் திணறியிருக்கிறது. ஆல்ட்டர்னேட்டரின் சிறிய இணைப்பியைக் கழற்றி, மின்னேற்றம் இல்லாமல் பகலில் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தேன். முள் அசையவில்லை. ஆல்ட்டர்னேட்டரைத் திறந்தபோது அதன் பின்புறம் கறுப்பு எண்ணெய்ச் சேறாக இருந்தது.

இந்தச் சோதனையைச் செய்ய விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. பல பழைய டீசல் வண்டிகளில் பிரேக் பூஸ்ட்டருக்கான வேக்குவம் பம்ப் ஆல்ட்டர்னேட்டரின் பின்புறத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். அதன் சீல் கசிந்துதான் எண்ணெய் உள்ளே போகிறது. அத்தகைய வண்டியில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினால் பிரேக்கின் உதவிவிசை போய்விடும். மின் இணைப்பியை மட்டும் கழற்றுங்கள், பெல்ட்டைத் தொடாதீர்கள்.

மின்சாரம் சரியாக இருந்தால் தானியங்கி கியர்பாக்ஸின் நினைவில் பதிந்துள்ள கோளாறுக் குறிகளைப் படிக்கலாம். 16 துளை இணைப்பி உள்ள பல வண்டிகளில் சாதாரண ஸ்கேனரே பி0700 வரிசைக் குறிகளைக் காட்டும். அதற்கு முந்தைய பல டொயோட்டாக்களில், சாவியைப் போட்டு, சோதனைப் பெட்டியில் டிஇ1, இ1 என்று எழுதிய துளைகளை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தால், ஓ/டி ஆஃப் விளக்கு மின்னி மின்னிக் குறியைச் சொல்லும். ஆறுமுறை மின்னி, சற்று நின்று, இரண்டுமுறை மின்னினால் அது 62, அதாவது முதலாம் எண் கியர் சோலனாய்டு (எண்ணெய் வழியைத் திறந்து மூடும் மின்வால்வு); 63 இரண்டாவது சோலனாய்டு; 64 லாக்கப் சோலனாய்டு; 42உம் 61உம் வேக உணரிகள். குறி வந்ததும் புதிய சோலனாய்டு வாங்கிவிடாதீர்கள், ஏனெனில் அது அந்த மின்சுற்றில் கோளாறு என்று மட்டுமே சொல்கிறது. இணைப்பியைக் கழற்றி சோலனாய்டின் தடையை அளந்தால், அக்காலத்து டொயோட்டா கியர் சோலனாய்டுகளில் 11 முதல் 15 ஓம் இருக்கும். தடை சரியாக இருந்தால் குற்றவாளி வயரோ இணைப்பியோதான். ‘பி’யிலும் ‘என்’னிலும் வைத்தால்கூட ஸ்டார்ட் ஆகாமல், லீவரைச் சற்று ஆட்டினால் ஸ்டார்ட் ஆகும் வண்டியில் லீவர் நிலை சுவிட்ச்சைப் பாருங்கள்.

எண்ணெயைப் பார்ப்பது எல்லாரும் செய்யக்கூடியது, ஆனால் சரியாகச் செய்பவர்கள் குறைவு. எண்ணெய் அளவுகோல் (டிப்ஸ்டிக்) உள்ள வண்டியில், வண்டியை ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்துக்கொண்டு எல்லா நிலைகளுக்கும் லீவரை நகர்த்தி, ‘பி’க்குத் திரும்பி, இன்ஜின் ஓடும்போதே அளக்க வேண்டும். இருப்பினும் உங்கள் வண்டியின் கையேடு வேறு முறை சொன்னால் அதையே பின்பற்றுங்கள். எண்ணெய் பழுப்பாகிக் கருகிய வாடை வீசினால் உள்ளே கிளட்ச் தட்டுகள் தீய்ந்திருக்கின்றன. பன்டோங் பானத்தைப் போல இளஞ்சிவப்புப் பாலாகத் தெரிந்தால் ரேடியேட்டரின் உள்ளே இருக்கும் குளிர்விப்பான் உடைந்து தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டியை ஓட்டாமல் இழுவை வண்டியில்தான் அனுப்ப வேண்டும்.

கைக்கியர் வண்டிகளுக்குக் காதும் காலுமே போதும். நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்தால் சத்தம் நின்று, விட்டால் வந்தால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். கிளட்சை முழுதாக மிதித்து ஐந்து வினாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டாலும் கரகரவென்று அரைத்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கிளட்சை இயக்கும் மாஸ்டர், சிலேவ் சிலிண்டர்களில் கசிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே ஒரு கியர் மட்டும் அரைத்தால் அந்தக் கியரின் சிங்க்ரோ (கியர் விழும் முன் வேகத்தை ஒத்திசைக்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது. அங்கே எண்ணெயும் முக்கியம்: கையேடு ஜிஎல்-4 தர எண்ணெய் கேட்கும் கியர்பாக்ஸில், பித்தளைக்கு ஒத்துவராத ஜிஎல்-5ஐ ஊற்றினால் சிங்க்ரோ வளையங்கள் கெடும். புறப்படும்போது ஒருமுறை ‘டங்’ என்று தட்டினால், கியர்பாக்ஸைச் சந்தேகிப்பதற்கு முன்பே புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் யு-ஜாயின்ட்டைக் கையால் திருகிப் பாருங்கள்.

பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒருசேர மிதித்துச் செய்யும் ஸ்டால் சோதனையைப் பழைய தானியங்கி கியர்பாக்ஸில் நீங்களே செய்ய நான் பரிந்துரைக்க மாட்டேன். சில வினாடிகளிலேயே எண்ணெய் மிக வேகமாகச் சூடேறும். அதற்குப் பதிலாக எண்ணெய்ச் சட்டியைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருக்கும் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் வெண்ணெய் போன்ற பூச்சு மட்டும் இருந்தால் அது வயதுக்குரிய தேய்மானம். துடைத்து, வடிகட்டியை மாற்றி, புது எண்ணெய் ஊற்றி ஓட்டலாம். விரலில் குத்தும் உலோகத் துகளோ, கறுப்புத் தட்டுத் துணுக்குகளோ கிடந்தால், அவற்றை ஒரு வெள்ளைத் துணியில் சேர்த்து, குறித்துவைத்த வோல்ட் அளவுகளோடு எடுத்துப்போய் மெக்கானிக்கிடம் காட்டி, கியர்பாக்ஸை இறக்கச் சொல்லுங்கள்.