தொழில்முறை சவாரிக்காரரிடம் வேட்டைக் குதிரை வாங்குவது எப்படி? முதல்முறை வாங்குபவருக்கு

விற்கிறவர் ஏறி ஓட்டும்போது எல்லாக் குதிரையும் நல்ல குதிரைதான். நான் வாங்கிய முதல் வேட்டைக் குதிரையும் அப்படித்தான் இருந்தது. விற்றவர் குதிரைகளைப் பழக்கி விற்பதையே பிழைப்பாகக் கொண்டவர். அவர் ஏறியதும் உயிர்வேலிகளை வரிசையாகத் தாண்டிக் காட்டியது. என்னிடம் வந்த ஆறாவது வாரம், ஒரு பள்ளத்தின் முன்னால் சட்டென்று நின்றுவிட்டது. பள்ளத்தைத் தாண்டியது நான் மட்டும்தான். அவர் என்னை ஏமாற்றவில்லை. அவருடைய காலும் கையும் அந்தக் குதிரைக்கு ஓயாமல் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கின்றன. பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு அது கண்ணில் படவில்லை.

ஆகவே கீழே சொல்வதெல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: அவர் இறங்கிவிட்டால் அந்தக் குதிரையிடம் மிச்சம் இருப்பது என்ன?

வேட்டை என்று நான் சொல்வது பிரிட்டன், அயர்லாந்துப் பக்கம் நாய்க்கூட்டத்தின் பின்னால் குதிரைமேல் போகும் வேட்டையை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை வைத்து நரி வேட்டையாடுவதற்கு 2005 பிப்ரவரியில் தடை வந்தது. அதன்பின் அங்கே நாய்கள் தொடர்வதற்கென்று முன்கூட்டியே மணத்தடம் இழுத்து வைக்கும் வழக்கம் பரவியது. குதிரையைப் பொறுத்தவரை வேலை ஒன்றுதான்: ஓடு, தாண்டு, நில், காத்திரு.

படி 1: முதலில் உங்களை எடைபோடுங்கள்

வாரம் எத்தனை நாள் ஏறுவீர்கள்? எவ்வளவு உயரம் பயமில்லாமல் தாண்டுவீர்கள்? உங்கள் எடை என்ன? இதை ஒரு தாளில் எழுதுங்கள். ஆசையை எழுத வேண்டாம், நிலவரத்தை எழுதுங்கள்.

வேட்டைக் குதிரையை ஆங்கிலத்தில் சொல்லும் 'ஹன்டர்' என்பது ஓர் இனத்தின் பெயரல்ல, வேலையின் பெயர். ஐரிஷ் ட்ராஃப்ட், தரோபிரெட் என்ற இரண்டு இனங்களும் கலந்த குதிரைகள் இதற்குப் பேர்போனவை. ஒன்றிடமிருந்து எலும்பும் நிதானமும், இன்னொன்றிடமிருந்து வேகமும் மூச்சும். முதல்முறை வாங்குபவர் எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குள், குறைந்தது இரண்டு பருவம் வேட்டைக்குப் போன குதிரையைத் தேடுவது நல்லது. நான்கு வயதுக் குட்டிப் புலிகளைத் தொழில்முறைக்காரர்களிடமே விட்டுவிடுங்கள்.

உயரத்தில் மயங்காதீர்கள். விளம்பரத்தில் 16.2 என்று இருந்தால் அது தசமம் அல்ல. 16 கை, 2 அங்குலம். ஒரு கை நான்கு அங்குலம் என்பதால் மொத்தம் 66 அங்குலம், ஏறக்குறைய 168 செ.மீ. கேட்டைத் திறக்க இறங்கிவிட்டு, நனைந்த பூட்ஸோடு தரையிலிருந்து திரும்ப ஏற முடியுமா என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

படி 2: போனில் கேட்க வேண்டியவை

பாதிக் குதிரைகளை இந்தப் படியிலேயே கழித்துவிடலாம். நான் முதலில் கேட்பது, "உங்களைத் தவிர வேறு யார் இதில் ஏறுகிறார்கள்?" என்பதைத்தான். லாயத்தில் வேலை செய்யும் பிள்ளைகள், வாராவாரம் வரும் யாரோ ஒருவர் என்று பதில் வந்தால் மேலே பேசலாம். "நான் மட்டும்தான்" என்றால், அந்தக் குதிரை ஒரே ஒருவரின் கைக்குப் பழகியிருக்கிறது. அந்தக் கை உங்களுடையது அல்ல.

அடுத்தது பிட், அதாவது குதிரையின் வாயில் போடும் கடிவாள இரும்பு. வீட்டில் எது, வேட்டையில் எது? வீட்டில் மென்மையான ஸ்னாஃபிள் போட்டுவிட்டு, வேட்டைக்குப் பெல்ஹாம், காக் என்ற கடுமையான வகைகளில் ஒன்றைப் போடுவது சகஜம், குற்றமில்லை. ஆனால் நிறுத்துவதற்கு அவருக்கே காக் தேவைப்படுகிறது என்றால் உங்கள் பாடு எப்படி இருக்கும்?

எந்த மாதிரி நிலத்தில் வேட்டையாடியது என்றும் கேளுங்கள். கற்சுவர் நிறைந்த பகுதியில் வளர்ந்த குதிரை சுவரைக் கண்டால் பறக்கும். அகலமான பள்ளத்தை வாழ்நாளில் பார்த்திருக்காது. எத்தனை பருவம், எத்தனை நாள், முன்னால் தாண்டிப் போகும் கூட்டத்தோடா, தாண்டாமல் கேட் வழியாகப் போகும் கூட்டத்தோடா? ட்ரெய்லரில் தானாக ஏறுமா? லாடம் அடிக்கும்போது நிற்குமா? ஏன் விற்கிறீர்கள்?

கடைசியாக, தவறாமல்: நாயை உதைத்திருக்கிறதா? வேட்டைக் களத்தில் இதைவிடப் பெரிய குற்றம் இல்லை. அப்படி உதைத்த குதிரையோடு அங்கே உங்களுக்கு இடமும் இருக்காது. பேசி முடித்ததும், "நீங்கள் சொன்னது இதுதானே" என்று எல்லாவற்றையும் எழுதி அவருக்கு அனுப்பி, பதில் வாங்குங்கள். படி 7-இல் இது உதவும்.

படி 3: பார்க்கப் போகும் நாள்

நான் வரும்வரை குதிரையைத் தொடாமல் வைத்திருங்கள் என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். போனதும் சேணம் இருக்கும் இடத்தில் கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தால், உங்களுக்கு முன்பே ஒரு மணி நேரம் ஓட்டி, துள்ளலை எடுத்துவிட்டார்கள். காரணம் கேளுங்கள், பதில் பிடிக்காவிட்டால் கிளம்புங்கள்.

கதவு விளிம்பு கடிபட்டுத் தேய்ந்திருக்கிறதா? கடித்துக் காற்றை விழுங்கும் பழக்கம் இருக்கலாம். கதவருகே நின்று தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருக்கிறதா? இவை இருந்தால் உடனே வேண்டாம் என்று அர்த்தமில்லை. விலை பேசும்போது நினைவில் இருக்கட்டும்.

தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. இதற்குக் காசு கொடுக்கிறீர்கள், வாயைத் திறந்து பாருங்கள். மேல்தாடையின் மூலை வெட்டுப்பல்லில் சுமார் பத்து வயதில் ஈறருகே ஒரு பள்ளக் கோடு தோன்றும். பதினைந்தில் பாதிப் பல் வரை இறங்கும். இருபதில் நுனியைத் தொடும். கிட்டத்தட்டக் கணக்குதான். ஆனால் 'ஒன்பது வயது' என்று சொன்ன குதிரையின் கோடு பாதிப் பல்லைத் தாண்டியிருந்தால் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

முன்னங்கால்களின் பின்புறம் கையை மேலிருந்து கீழே ஓட்டுங்கள். தசைநாண் கயிறுபோல் நேராக, குளிர்ச்சியாக இருக்க வேண்டும். வில்போல் புடைத்திருந்தாலோ ஒரு கால் மட்டும் சூடாக இருந்தாலோ குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: அவர் ஏறட்டும், பிறகு நீங்கள்

இந்த வரிசை மாறவே கூடாது. விற்பவர் ஏறத் தயங்கும் குதிரையில் நீங்கள் ஏறாதீர்கள்.

அவர் ஓட்டும்போது எல்லோரும் குதிரையைப் பார்ப்பார்கள். நீங்கள் அவர் காலைப் பாருங்கள். வேலிக்கு வரும்போது குதிரை எடுத்துவைக்கும் கடைசி மூன்று அடிகளில் அவர் கால் இறுகுகிறதா? கை எவ்வளவு வேலை செய்கிறது? எதுவுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தால் நல்ல செய்தி. அவர் நெற்றியில் வியர்வை, குதிரையின் உடம்பில் இல்லை என்றால் கெட்ட செய்தி.

நீங்கள் ஏறியதும் ஒன்று நடக்கும். அவர் வேலியோரம் நின்றுகொண்டு, "பின்னால் சாயுங்கள், கால் போடுங்கள், இப்போ கையை விடுங்கள்" என்று சொல்லத் தொடங்குவார். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார், நீங்களும் நன்றாகவே ஓட்டுவீர்கள். ஆனால் அது பாடம், சோதனை அல்ல. பத்து நிமிடம் பேசாமல் இருக்கும்படி மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அன்று அதைக் கேட்க வெட்கமாக இருந்தது.

பிறகு வேண்டுமென்றே தப்பு செய்யுங்கள். சின்ன வேலியாகப் பார்த்து, கொஞ்சம் கோணலாக வாருங்கள். கடிவாள வாரைத் தளர்த்திவிடுங்கள். குதிரை தானே ஓர் அடி கூடுதலாக எடுத்துவைத்துச் சரிக்கட்டித் தாண்டினால் அதுதான் நமக்கு வேண்டிய குதிரை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தக் கதையில் ஆடத் தெரியாதவர் நாம்தான். அதனாலேயே நமக்குக் கூடம் கோணலில்லாமல் இருந்தாக வேண்டும்.

மற்ற குதிரைகளை விட்டு லாயத்திலிருந்து தனியாகச் சாலையில் கூட்டிப்போங்கள். ஒரு கேட்டைக் குதிரைமேல் இருந்தபடியே திறந்து மூடுங்கள். ஐந்து நிமிடம் சும்மா நிற்க வையுங்கள். ஐந்து நிமிடம் அசையாமல் நிற்பது தாண்டுவதைவிட அரிய குணம்.

படி 5: கூட்டத்தில் ஒருநாள்

தனியாக ஓட்டும்போது பசுபோல் இருக்கும் குதிரை, முப்பது குதிரைகள் ஒரே நேரத்தில் பாய்ந்து கிளம்பும்போது வேறு பிராணியாகிவிடும். ஒரு சோறு பதம் பார்க்கும் கதை இங்கே எடுபடாது. பருவம் பொதுவாக நவம்பர் முதல் மார்ச் வரை. அந்தச் சமயமென்றால் வாடகை கொடுத்தாவது ஒருநாள் வேட்டைக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால், அது வேட்டைக்குப் போகும் நாளில் நீங்கள் போய்ப் பாருங்கள். வாலில் சிவப்பு நாடா கட்டியிருந்தால் உதைக்கும் குதிரை, பச்சை என்றால் அனுபவமில்லாத குதிரை. போனில் யாரும் நாடாவைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள்.

படி 6: கால்நடை மருத்துவர்

உங்கள் மருத்துவரை நீங்களே அமர்த்துங்கள். விற்பவரின் குதிரைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர் வேண்டாம். பிரிட்டனில் வழக்கமான முழுப் பரிசோதனை ஐந்து கட்டம்: நிற்கவைத்துப் பார்ப்பது, நடையும் ட்ராட் என்ற மெல்லோட்டமும், ஏறி ஓட்டிக் கடும் உழைப்பு, ஓய்வு, மறுபடி ட்ராட். முதல் இரண்டு கட்டம் மட்டும் போதும் என்று மிச்சம் பிடிக்கத் தோன்றும். வேட்டைக் குதிரைக்கு அது போதாது. காரணம் மூச்சு. உயரமான குதிரைகளுக்குக் குரல்வளையின் இடப்பக்க நரம்பு செயலிழந்து, பாயும்போது மட்டும் கரகரவென்று இரையும் கோளாறு வருவதுண்டு. நின்ற இடத்தில் அது தெரியாது.

ரத்த மாதிரி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பொதுவாக ஆறு மாதம் பாதுகாப்பார்கள். ஃபீனைல்பியூட்டசோன் போன்ற வலிமருந்தோ மயக்கமருந்தோ கொடுத்துக் காட்டினார்களோ என்ற சந்தேகம் பின்னால் வந்தால் அதைச் சோதிக்கலாம். குதிரையின் அடையாளப் புத்தகமான பாஸ்போர்ட்டில் வரைந்திருக்கும் சுழிகளையும் மருத்துவர் ஒப்பிட்டுப் பார்ப்பார். இது ராசிக்காக அல்ல, வேறு குதிரையைத் தள்ளிவிடாமல் இருக்க.

படி 7: பணமும் தாளும்

தொழில்முறைக்காரரிடம் வாங்குவதில் உள்ள பெரிய லாபம் இங்கேதான். பிரிட்டனில் தொழிலாக விற்பவரிடம் தனிநபர் வாங்கினால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் பொருந்தும். சொன்னபடி இல்லாத, சொன்ன வேலைக்கு உதவாத குதிரையை முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். தனியார் விற்பனையில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால்தான் சிலர் "இது என் சிநேகிதியின் குதிரை" என்று ஆரம்பிப்பார்கள். குதிரை யாருடையது, பணம் யார் கணக்குக்குப் போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பாஸ்போர்ட்டில் பெயர் இருப்பது உடைமைக்குச் சான்றாகாது.

'ஆரம்பநிலைச் சவாரிக்காரர் வாராவாரம் வேட்டைக்குப் பயன்படுத்துவதற்காக' என்ற வரி ரசீதில் இருக்கட்டும். முன்பணம் கொடுத்தால், பரிசோதனையில் தேறாவிட்டால் திருப்பித் தரப்படும் என்று எழுதி வாங்குங்கள். உங்கள் பயிற்சியாளர் துணைக்கு வந்தால், அவருக்கு இருபுறமும் கமிஷன் உண்டா என்று நேராகவே கேட்டுவிடுங்கள். கேட்பது அவமரியாதை இல்லை.

படி 8: முதல் மாதம்

அதே தீவனம், அதே பிட், அதே லாடக்காரர் முறை. ஒரு மாதம் எதையும் மாற்றாதீர்கள். விலை பேசும்போதே, அந்த விலைக்குள் நான்கு பாடமும் சேர்த்துக் கேளுங்கள். பெரும்பாலானோர் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள். விற்ற குதிரை கெட்ட பெயர் எடுத்தால் நஷ்டம் அவர்களுக்கும்தான்.

விழுந்து எழுந்தபின்தான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. விற்றவரிடமே போய்ப் பாடம் கேட்டேன். இரண்டாவது பாடத்தில், பள்ளத்துக்கு வரும்போதெல்லாம் நான் குனிந்து அதைப் பார்ப்பதைக் கண்டுபிடித்தார். குதிரையும் என்னோடு சேர்ந்து அதையேதான் பார்த்திருக்கிறது.